கடலும் கேணியும்



கடற்கரை ஊர்களில் பழகியவர்கள் ஒரு வியப்பைக் கண்டிருப்பீர்கள். அலை வந்து மோதும் இடத்திலிருந்து சிறிது தொலைவு தள்ளி, மணல்மேட்டின் அடியில் நாலைந்து முழம் தோண்டினால் நீர் சுரக்கும். பல இடங்களில் அந்த நீர் கரிப்பதில்லை; குடிப்பதற்கு இனிதாகவே இருக்கும். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புக் கடல். காலடியிலோ நன்னீர் ஊற்று! கடல்நீர் மணலின் வழியே கசிந்து வந்து இந்த ஊற்றைக் கெடுக்காமல் இருப்பது ஏன்? கெடுக்குமானால், எப்பொழுது கெடுக்கும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இவ்வினாக்களை நான் நூலகத்தில் அமர்ந்து எழுப்பிக்கொள்ளவில்லை. நான் செய்த ஒரு பிழை என்னை அவற்றிடம் கொண்டு சேர்த்தது. ஆதலால் அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் கற்பித்த முதற்பாடம் அன்றோ?

2003ஆம் ஆண்டில், சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். தொடர்ந்து மழை பொய்த்து, சென்னையும் சுற்றுப்புறமும் குடிநீருக்குத் தவித்த காலம் அது. எங்கள் பள்ளியில் பதினெட்டு அடி ஆழமுள்ள பழைய உறைகிணறு ஒன்று இருந்தது. இராட்டினமும் தாம்புக் கயிறும் கொண்டு பிள்ளைகளே நீர் சேந்துவார்கள். அவ்வாண்டுக் கோடையில் கிணற்றின் அடியில் ஒரு முழ நீரே எஞ்சியது. பெற்றோரிடம் பொருள் திரட்டி, நூறு அடிக்கும் மேல் ஆழ்துளைக் கிணறு இறக்கி மின்மோட்டார் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

அவ்வூரில் கிணறு வெட்டியே முதுமையடைந்த பெரியவர் ஒருவர் இருந்தார். செய்தி கேட்டு என்னிடம் வந்தார். “ஐயா, இந்த ஊரிலே அகலமாத் தோண்டலாம், ஆழமாத் தோண்டக் கூடாதுங்க” என்றார். காரணம் கேட்டேன். “மேலே இருக்கிறது மழைத் தண்ணி. கீழே இருக்கிறது கடல்” என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நான் வேதியியல் படித்தவன். இருபது ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன். அவர் சொன்னதைப் பழைய நம்பிக்கை என்று எண்ணி, புன்னகையுடன் விடை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மோட்டார் ஓடியது, நீர் பெருகியது, எல்லோரும் மகிழ்ந்தனர். நான்கு திங்கள் சென்றன. முதலில் சோறு சமைப்பவர், பருப்பு வேகவில்லை என்றார். பிறகு பிள்ளைகள் நீரை வாயில் வைத்து உமிழ்ந்தனர். ஆய்வுக்கூடத்தில் நானே வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் கொண்டு சோதித்தேன். குரோமேட்டுச் செந்நிறம் தோன்றுவதற்குள் அளவுக்குழாய் ஏறக்குறைய வற்றிவிட்டது. நீரில் அத்துணைக் குளோரைடு கலந்திருந்தது. உடனே மோட்டாரை நிறுத்தினோம்.

இதனோடு முடிந்திருந்தால் இது பள்ளியின் இழப்பு மட்டுமே. சில நாள் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்வையிடும்பொழுது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் முதற்பாட வேளைக்குப் பின்னரே வருவதைக் கண்டேன். பள்ளி மதிலை ஒட்டிய குடிசை அவள் வீடு. அழைத்துக் கேட்டேன். “எங்க வீட்டுக் கேணியும் கரிக்குது சார். விடிஞ்சதும் அம்மாவோட ரெண்டு கல் தூரம் போய்த் தண்ணி எடுத்துட்டு வரேன்” என்றாள். அவள் என்னைக் குறை கூறவில்லை, கூறத் தெரியவுமில்லை. எங்கள் மோட்டார் அவள் வீட்டு நீரையும் சேர்த்தே உறிஞ்சிக் கெடுத்திருந்தது என்பதை நான்தான் அறிந்திருந்தேன்.

நண்பர்களே, அந்தப் பெரியவரின் சொல்லில் இருந்த அறிவியலை இப்பொழுது காண்போம்.

நிலத்தடியில் பெரிய குகையும் ஆறும் இருப்பதாகச் சிலர் கருதுவர். மணலும் சரளையும் நிறைந்த கடலோர நிலத்தில் நிலைமை அதுவன்று. மணல் பரல்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் நீர் தங்குகிறது. இவ்வாறு நீரைத் தாங்கி, கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும் மண்ணடுக்கையே நீர்ப்படுகை என்கிறோம். அது கடலடி வரை நீண்டிருக்குமானால் கரையோர நீர்ப்படுகை ஆகும். அதன் ஒரு முனையில் மழை புகுகிறது. மறுமுனையில் கடல் நிற்கிறது.

இனி ஒரு சிறு சோதனை. கண்ணாடிக் குவளை ஒன்றில், ஒரு லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீரைப் பாதியளவு ஊற்றி, அதில் சிறிது சாயம் கலந்துகொள்ளுங்கள். கடல்நீரில் உள்ள உப்பின் அளவு ஏறத்தாழ அதுவே. பிறகு ஒரு கரண்டியின் முதுகில் படும்படி நன்னீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நன்னீர் மேலே மிதக்கும். சாயநீர் கீழே நிற்கும். இப்பொழுது உறிஞ்சுகுழல் ஒன்றை மேற்பரப்பில் வைத்து மெதுவாக உறிஞ்சினால் தெளிந்த நீரே வரும். குழலின் நுனியை இரண்டும் கூடும் எல்லைக்கு அருகே இறக்கி விரைவாக உறிஞ்சினாலோ, கீழிருந்து சாயநீர் கூம்பு போல் எழும்பிக் குழலுக்குள் புகுவதைக் காணலாம். எங்கள் பள்ளியில் நிகழ்ந்ததும் இதுவே. அகலமாகத் தோண்டுபவன் குழலை மேற்பரப்பில் வைக்கிறான். ஆழமாகத் துளைப்பவன் எல்லைக்கே கொண்டுபோய் வைக்கிறான்.

நன்னீர் மேலே மிதப்பது ஏன்? எடை வேறுபாட்டினால். ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். வேறுபாடு நாற்பதில் ஒரு பங்கே. ஆனால் இந்தச் சிறிய வேறுபாட்டில் ஒரு பெரிய கணக்கு அடங்கியிருக்கிறது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்து நிற்குமானால், அதன் எடை கடல்நீரைக் கடல் மட்டத்திற்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம் வரை அழுத்தி வைக்கும். கடலில் மிதக்கும் பனிப்பாறையின் சிறு பகுதியே வெளியே தெரிவது போல, கடலோர நன்னீரிலும் சிறு பங்கே கடல் மட்டத்திற்கு மேல் உள்ளது. பெரும்பங்கு கீழே மறைந்து கிடக்கிறது.

இதனை 1889ஐ ஒட்டி நெதர்லாந்து நாட்டுப் படைப் பொறியாளர் பதோன் கைபன் என்பவர் எழுதினார். அவரை அறியாமலே, வட கடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இல் அதே முடிவை வெளியிட்டார். இருவர் பெயராலும் இவ்விதி வழங்குகிறது. ஓடாமல் நிற்கும் நீருக்கே இது முற்றும் பொருந்தும் என்பதையும், எல்லை என்பது கோடு போல் அமையாமல் கலப்பு மண்டலமாக இருக்கும் என்பதையும் பின்வந்தோர் காட்டினர். ஆயினும் விதியின் உட்கருத்து நிலைபெற்றது.

இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள், அச்சம் பிறக்கும். கிணற்று மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால் நமக்கு அரை மீட்டர் நீர்தான் குறைந்தது போலத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்புறத்தில், உப்புநீரோ இருபது மீட்டர் மேலேறக் காத்திருக்கிறது. மேலே ஒரு சாண் எடுத்தவனிடம் கடல் கீழே நாற்பது சாண் கேட்கிறது.

எவ்வளவு உப்பு கலந்தால் நீர் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. இந்தியத் தர நிருணயம் குடிநீருக்கு ஏற்ற அளவாகக் கூறுவது 250 மில்லிகிராம். வேறு வழியில்லாதபொழுது 1,000 வரை பொறுக்கலாம் என்கிறது. நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தால் 250 என்ற எல்லை கடந்துவிடும். ஐந்தாறு குடம் கலந்தால் 1,000மும் கடந்துவிடும்.

கெட்ட நீர்ப்படுகை மீளுமா? மீளும், ஆனால் மெல்லத்தான். பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி, மணலின் ஊடே நீர் செல்லும் வேகம் எதனைப் பொறுத்தது என்பதை 1856இல் வெளியிட்டார். நீர்மட்டத்தின் சரிவும் மணலின் தன்மையும் அவ்வேகத்தை வரையறுக்கின்றன. கடலோரச் சமவெளியில் சரிவு மிகக் குறைவு. ஆற்றுநீர் ஒரு மணியில் கடக்கும் தூரத்தை நிலத்தடி நீர் கடக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு கோடையில் செய்த தவற்றைக் கழுவ ஒரு தலைமுறையும் வேண்டியிருக்கலாம்.

எங்கள் ஊருக்கு நேர்ந்ததன் பெரிய வடிவம் ஏற்கெனவே அண்மையில் மீஞ்சூரில் நிகழ்ந்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் அச்சமவெளியின் அடியில், பழைய ஆற்றுப் போக்குகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் ஆழமாகப் படிந்துள்ளன. பாலாறு முன்னொரு காலத்தில் இவ்வழியே ஓடியது என்பது நிலவியலார் கருத்து. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு இப்படுகை ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் சென்றது; உழவரும் தம் வயல்களுக்கு இறைத்தனர். பெய்வதைவிட எடுப்பது மிகுந்தது. நீர்மட்டம் கடல் மட்டத்திற்கும் கீழே சென்றது. கடலை நோக்கிச் சாய்ந்திருந்த நீர்ச்சரிவு நிலத்தை நோக்கித் திரும்பியது. காலப்போக்கில் உப்புநீர் பத்துக் கிலோமீட்டரையும் கடந்து உள்நாட்டில் புகுந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் கிணறு தோண்டுவதையும் நீரை வண்டியில் ஏற்றி விற்பதையும் நெறிப்படுத்த 1987இல் சட்டம் பிறந்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இப்பகுதியை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாறு கிணறு கிணறாக நீர் எடுத்துச்செல்ல வந்த ஓர் ஆய்வு மாணவரை எங்கள் ஊரில் சந்தித்தேன். கிணற்றின் நோயை ஆராயும் மருத்துவர் போல அவர் வேலை செய்தார். முதலில் அளவுநாடாவை இறக்கி நீர்மட்டத்தைக் குறித்தார். பின்பு நீரின் மின்கடத்து திறனை அளந்தார். உப்பு மிகுந்தால் மின்சாரம் எளிதிற் பாயும். தோண்டாமலே நிலத்தடியை அறிய வேண்டுமாயின், தரையில் உலோக முளைகளை நட்டு மின்னோட்டம் செலுத்தி மண்ணின் மின்தடையை அளப்பார்கள். நன்னீர் மணல் தடுக்கும். உப்புநீர் மணல் விட்டுக்கொடுக்கும்.

“உப்பு கடலிலிருந்து இப்போது வந்ததா, முற்காலத்திலேயே மண்ணில் தங்கியதா என்பதை எப்படி அறிவீர்கள்?” என்று கேட்டேன். குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதத்தையும், நீரிலுள்ள ஆக்சிஜனின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதத்தையும் ஒப்பிட்டால் உப்பு வந்த வழி புலப்படும் என்றார். இவ்வளவும் திரட்டியபின், படுகை முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வரவு செலவைக் கணிப்பொறியில் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1984இல் வெளியிட்ட ‘மாட்ஃப்ளோ’ என்னும் கணிப்புமுறை இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. மழை இவ்வளவு பெய்தால், மோட்டார் இத்தனை மணி ஓடினால், பத்தாண்டு கழித்து உப்பெல்லை எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. எனக்கு அந்தப் பெரியவர் சொன்னதையே பல்கலைக்கழகம் எண்களால் சொல்கிறது. ஒன்றை மற்றொன்று மறுக்கவில்லை.

தீர்வுகள் யாவை? முதலாவது, எடுப்பதைக் குறைத்தலும் பரவலாக்குதலும். ஓரிடத்தில் ஆழமாக உறிஞ்சாமல், பல இடங்களில் மேலோட்டமாகச் சிறிது சிறிதாக எடுத்தல் வேண்டும். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிணறுகளை மூடியபோதும் இப்பாடமே உறுதிப்பட்டது. இலங்கையின் கீழ்க்கரையில், உப்பை அகற்ற வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் கிணறுகளை மிகுதியாக இறைத்தபொழுது கீழிருந்தும் உப்பு ஏற இடமாயிற்று. மழைக்குக் காத்திருப்பதே அங்கு நல்ல மருந்தாயிற்று.

இரண்டாவது, மழையைப் படுகைக்குள் அனுப்புதல். இதனைப் பிறநாட்டார் பெரிய அளவில் செய்துள்ளனர். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் தன் கடலோர மணல்மேடுகளின் நீரைக் குடித்துவந்தது. எடுத்தது மிகுந்து உப்பு ஏறவே, 1957 முதல் ரைன் ஆற்றுநீரைக் கொண்டுவந்து அம்மேடுகளில் ஊறவிடுகிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம், 1976 முதல் தூய்மை செய்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளின் வழியே மண்ணுக்குள் செலுத்தி, கடலுக்கு எதிராக ஒரு நன்னீர் மதிலையே எழுப்பியது. நம் முன்னோர் தொண்டை மண்டலமெங்கும் வெட்டிய ஏரிகளும் வயலுக்குப் பாய்ந்ததோடு நில்லாமல் நிலத்தடியையும் நிரப்பின. ஏரி தூர்ந்தால் கேணி கரிக்கும் என்பது கடலோர மக்கள் கண்ட உண்மை. இன்று ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் கட்டப்பட்ட தடுப்பணைகள் வெள்ளத்தைச் சற்றே நிறுத்தி, மண்ணுக்குப் பருகக் கொடுக்கின்றன.

மூன்றாவது, கடல்நீரையே நன்னீராக்குதல். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தரும் நிலையம் தொடங்கப்பெற்றது. இது நகருக்குக் கைகொடுக்கும். ஆனால் இம்முறையில் ஆயிரம் லிட்டர் நீர் பெற மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. மண் எவ்விதக் கட்டணமுமின்றிச் செய்த வேலைக்கு நாம் இப்போது விலை கொடுக்கிறோம்.

எங்கள் பள்ளியின் கதையை முடிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றைக் களிமண்ணும் சிமெண்டும் இட்டு அடைத்தோம். அவ்வாண்டில்தான் தமிழ்நாட்டுக் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் பள்ளிக் கூரை 300 சதுர மீட்டர். இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 4,20,000 லிட்டர். வீணாவது போக மூன்று இலட்சம் லிட்டருக்குக் குறையாது என்று கணக்கிட்டோம். அதனை மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய தொட்டி வழியாகப் பழைய உறைகிணற்றில் விட்டோம். கிணறு வெட்டும் பெரியவரே அத்தொட்டியை அமைத்துக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “தண்ணி வரட்டும் ஐயா” என்று மட்டும் சொன்னார்.

திங்கள்தோறும் முதல் வாரத்தில் மாணவர்கள் இரு கிணறுகளின் நீர்மட்டத்தையும் குளோரைடு அளவையும் அளந்து கரும்பலகையில் எழுதினர். 2005ஆம் ஆண்டின் பெருமழைக்குப் பின் எண்கள் இறங்கத் தொடங்கின. 2007இல் மதிலை ஒட்டிய வீட்டுக் கேணி மீண்டும் குடிக்கத் தக்கதாயிற்று. ஆனால் அந்த மாணவி அதற்கு முன்பே பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள். நீர் திரும்பி வந்தது. வகுப்பறையில் அவள் இருந்திருக்க வேண்டிய அந்தக் காலைப்பொழுதுகள் திரும்பி வரவில்லை.

மாணவ நண்பர்களே! கிணறு நம் மதிலுக்குள் இருக்கலாம். அதன் நீர் மதிலை அறியாது. ஒருவர் வீட்டு மோட்டார் மற்றொருவர் வீட்டுக் குடத்தைத் தொடுகிறது. ஆதலின் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஒரு கயிற்றில் அடிக்கணக்கில் முடிச்சிட்டு, முனையில் ஒரு கல்லைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, திங்களுக்கு ஒருமுறை உங்கள் வீட்டுக் கிணற்றிலோ பள்ளிக் கிணற்றிலோ நீர்மட்டத்தை அளந்து, நாளுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிந்தபின் அதனைக் கோட்டுப்படமாக வரையுங்கள். உங்கள் ஊர் மண் எப்பொழுது பருகுகிறது, எப்பொழுது வாடுகிறது என்பது விளங்கும். அக்குறிப்பேட்டைப் பத்தாண்டு காத்தால், எந்த ஆய்வாளரும் அதனை நன்றியுடன் பெற்றுக்கொள்வார். அத்துடன், உங்கள் ஊரில் கிணறு வெட்டிய பெரியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் சென்று கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.